யாருடைய ஒழுங்கீனம்?

"இணையவழி வகுப்பு வந்ததோடு பிள்ளைகளின் ஒழுக்கம் பாழாய்ப் போயிற்று" என்ற புலம்பலை ஆசிரியர் கூடும் இடமெல்லாம் இன்று கேட்கலாம். பாடசாலை விழாக்களில் பிரதம விருந்தினராய் எழுந்தருளிப் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் கனவான்கள் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. மாணவன் கமராவை மூடிவைக்கிறான். பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி இல்லை. நேரம் கழித்து வருகிறான். இடையிலே காணாமற் போகிறான். வகுப்புக் குழுவிலே பாடக்குறிப்புக்குப் பதிலாகச் சிரிப்புப் படம் அனுப்புகிறான். குற்றப்பத்திரிகை நீளமானது, சாட்சிகளும் நிறைய உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாக்குமூலம் ஒன்றுதான் இல்லை. அவனுடைய ஒலிவாங்கியைத்தான் வகுப்புத் தொடங்கும்போதே அடைத்துவிட்டோமே!

கொரோனாக் காலத்துப் பழங்கதையை இப்போது எதற்குக் கிளறுகிறீர் என்று சிலர் கேட்கக்கூடும். பழங்கதை என்றால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2022 ஜூனில் எரிபொருள் தீர்ந்தபோது மறுபடியும் இணையவழி என்றார்கள். 2024 நவம்பர் வெள்ளத்திலும் 2025 நவம்பர்ப் புயலிலும் உயர்தரப் பரீட்சையே நடுவில் நிறுத்தப்பட்டது. பாடசாலையின் வாயிற்கதவு சாத்தப்படும்போதெல்லாம் அதிகாரிகளின் நாவுக்கு முதலில் வரும் சொல் அதுவே. மாலை நேரத் தனியார் வகுப்புகளோ சூமைக் கைவிடவேயில்லை. ஆகவே அடுத்த முறை வரும். அப்போதும் இதே விதிக்கோவையைத் தூக்கிக்கொண்டு வருவோமா என்பதே கேள்வி.

நடந்ததைச் சற்று நினைவூட்டிக்கொள்வோம். 2020 மார்ச் 12இல் பாடசாலைகளை மூடும் அறிவிப்பு வந்தது. இடையில் திறந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் மறுபடியும் மூடினார்கள். 2021 ஏப்ரல் இறுதியில் மூன்றாந் தடவை. 2021 ஒக்டோபர் 21இல்தான் 200 பேருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலிலே திறக்கப்பட்டன. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் இப்படி வீட்டிலே அடைபட்டார்கள். அவர்களுள் குறைந்தது 46 கோடியே 30 இலட்சம் பேருக்குத் தொலைக்கல்வியின் எந்த வடிவமும், வானொலி தொலைக்காட்சி உட்பட, எட்டவில்லை என்று யுனிசெப் நிறுவனம் 2020 ஆகஸ்டில் கணக்கிட்டது. நமது நாட்டில் கணினி உள்ள வீடு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆகவே இங்கே "இணையவழி வகுப்பு" என்றால் கைத்தொலைபேசியின் உள்ளங்கையளவு திரை. பெரும்பாலும் சூம் கூட இல்லை, வாட்ஸ்அப் குழு ஒன்று, அவ்வளவே. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் வந்தன. தொலைக்காட்சி பாடத்தைச் சொல்லும். அதனிடம் திருப்பிக் கேள்வி கேட்க இயலாது.

இனி வாவிக்கு வருவோம். வடக்குத் தெற்காய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி வெறும் நீர்ப்பரப்பன்று. அது ஒரு பிரிகோடு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்கரை எழுவான்கரை; மேற்கே வயலும் காடுமாய் விரியும் நிலம் படுவான்கரை. கதிரவன் எழுவதையும் படுவதையும் வைத்து நம்மவர் இட்ட பெயர்கள் இவை. எழுவான்கரைக்கு நெடுஞ்சாலை, வங்கி, வைத்தியசாலை, தனியார் வகுப்பு, தொலைபேசிக் கோபுரம். படுவான்கரைக்கு நெல், விறகு, தயிர், யானை. மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் ஆங்கிலப் பள்ளிக்கு அடியிட்டார். படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரு பாடசாலை வந்துசேர அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் படிப்பிக்கப் போன ஆசிரியர், நாம் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தார். மாரி வெள்ளத்திலே பாதை ஓடாத நாளில் அவர் வரமாட்டார். சில நாள் பத்து மணிக்கு வருவார். அதிபர் சிவப்புக் கோடு போட்டாரா? இல்லை. "பாதை ஓடவில்லை" என்ற இரண்டு சொல்லில் காரணம் முடிந்தது. அது நியாயமும் கூட.

அந்த ஆசிரியரின் மாணவன் 2021இல் வகுப்புக்கு நேரம் கழித்து வந்தபோது, "கவரேஜ் இல்லை சேர்" என்ற அவனது இரண்டு சொல்லை நம்மில் எத்தனை பேர் நம்பினோம்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வவுணதீவுப் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ, எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் வாவியிலே வலை வீசுகிறவன், அல்லது வட்டையிலே கூலிக்கு நிற்கிறவன். வீட்டுக்குத் தொடுதிரைத் தொலைபேசி ஒன்று. அதுவும் மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்யும் தாயோ சித்தியோ அனுப்பிய காசில் வாங்கியது. தரம் ஐந்திலும் எட்டிலும் பதினொன்றிலும் மூன்று பிள்ளைகள். "மகன் ஏனம்மா வகுப்புக்கு வரல்ல?" என்று ஆசிரியர் கேட்டால், "ஃபோன் அவர்ர கையில சேர். ஆத்துக்குப் போயிற்றார். பொழுதுபட்டாத்தான் வருவார்" என்றுதான் பதில் வரும். இதிலே ஒழுக்கம் எங்கே கெட்டது? காலை எட்டு மணிக்கு வகுப்பு வைத்தவன் யார்? தொலைபேசி மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது என்பதை வகுப்புத் தொடங்குமுன் ஒரு வார்த்தை கேட்டறியாதவன் யார்?

பொழுதுபட்ட பின்னும் சங்கடம் தீர்வதில்லை. வீட்டுக்குள்ளே அலை எட்டாது. மேட்டிலோ குளக்கட்டிலோ ஏறி நிற்க வேண்டும். பதுளை மாவட்டத்து பொகிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறி இணையம் தேடிய செய்தி 2021 ஜூலையில் உலகப் பத்திரிகைகளிலே வந்தது. உலகம் பார்த்து வியந்தது. வியந்து முடிந்ததும் மறந்தது. படுவான்கரையிலே பாறைக்கும் பஞ்சம். உள்ள மேடோ யானை இறங்கும் மேடு. அந்தி மயங்கிய பின் பெண்பிள்ளையை அங்கே அனுப்பாத தாயைக் "கல்வியில் அக்கறையற்ற பெற்றோர்" என்று எழுதும் பேனைக்கு என்ன சொல்வது!

இப்போது அந்தக் கமராவுக்கு வருவோம். "முகத்தைக் காட்டாதவன் வகுப்பில் இல்லை" என்பது விதிக்கோவையின் தலையாய கட்டளை. முகத்தைக் காட்டினால்தான் கவனிக்கிறான் என்று அர்த்தமாம். முப்பத்தைந்து ஆண்டு படிப்பித்த அனுபவசாலியும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வகுப்பறையிலே நம் முகத்தையே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு மனத்தால் மாங்காய் பறிக்கும் பிள்ளையை ஒரு நாளும் கண்டதில்லையா அவர்? அது கிடக்கட்டும். கமராவைத் திறப்பதற்கு ஒரு விலை உண்டு. சூம் வகுப்பொன்று மணிக்கு அரை ஜிகாபைட்டுக்குக் குறையாமல் தரவைக் குடிக்கக்கூடியது. பிள்ளை தன் கமராவையும் திறந்துவிட்டால் தரவு இரு திசையிலும் ஓடும். ஐம்பது ரூபாவுக்கும் நூறு ரூபாவுக்கும் ரீலோட் போடும் வீட்டிலே அது அன்றைய கறிக்காசு. அதே பாடத்தை ஆசிரியர் குரற்பதிவாய் அனுப்பினாலோ நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டும் ஆகாது. பல்கலைக்கழக மாணவருக்கு அவர்தம் கல்வி வலையமைப்பின் ஊடாகச் சூம் வகுப்பைக் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள், நல்ல காரியம். கிராமத்துப் பள்ளிப் பிள்ளை உண்மையிலே படித்த இடமாகிய வாட்ஸ்அப்புக்கு அவன் வீட்டார் காசு கொடுத்தார்கள்.

விலை காசோடு நிற்பதுமில்லை. கமரா பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டுகிற கருவியல்ல. அவன் பின்னாலுள்ள கிடுகுச் சுவரையும், பூசாத கல்லையும், ஒற்றை அறையிலே நோயுற்றுக் கிடக்கும் பாட்டியையும், குடித்துவிட்டு வரும் தகப்பனையும் நாற்பது பேர் முன்னே காட்டும் கருவி. வகுப்பறைக்கு வெள்ளைச் சீருடையை ஏன் கொண்டுவந்தோம்? போடியார் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் உடையால் வேறுபடலாகாது என்பதற்காக. சீருடை மறைத்ததைக் கமரா உரித்துக் காட்டியது; நாமோ அந்தக் கமராவின் முன்னும் சீருடை அணிந்து வா என்று கட்டளையிட்டோம்! வசதி படைத்த நாட்டிலேயே இந்த வெட்கம் பிள்ளைகளை வாட்டியது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் கமராவைத் திறவாமைக்குக் காரணம் கேட்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. தன் தோற்றம் பற்றிய கவலை, பின்னால் தெரியும் இடமும் மனிதரும், நலிந்த இணைப்பு ஆகியவையே அவர்கள் சொன்ன முக்கிய காரணங்கள். சிறுபான்மை இனத்து மாணவரிடம் அவை கூடுதலாக இருந்தன. அங்கே நிலை அதுவானால் இங்கே சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது தண்டனை. வகுப்பிலே உடல்தண்டனை கூடாதெனக் கல்வியமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. 2016இல் மறுபடியும் விட்டது. 2021 பெப்ரவரியில் நமது உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் மாணவனொருவனின் செவி நிரந்தரமாய்ப் பழுதுபட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. பிரம்பின் காலம் முடிந்தது என்று நாம் எழுதினோம், பேசினோம். அதே ஆண்டிலே பிரம்புக்குப் பதிலாகப் புதிய ஆயுதமொன்று நம் கைக்கு வந்துவிட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. குழுவிலிருந்து நீக்குதல்! ஒரு விரல் தொட்டால் போதும்; தழும்பில்லை, கண்ணீர் தெரிவதில்லை, பெற்றோர் வந்து அதிபரிடம் முறையிடுவதுமில்லை. பிரம்பால் அடிபட்டவன் அடுத்த நாளும் அதே வாங்கிலே உட்கார்ந்தான். நீக்கப்பட்டவனுக்கோ வாங்கே இல்லாமற் போயிற்று. பெற்ற புள்ளிகளைக் குழுவிலே பகிரங்கமாய்ப் போடுவது, ஒப்படை அனுப்பாதவர் பட்டியலைப் பெயரோடு போட்டு வெட்கப்படுத்துவது, இரவு பத்து மணிக்கு 'ஏன் பதில் இல்லை?' என்று தனிச்செய்தி விடுவது, இவையெல்லாம் அதே வகை.

எல்லாவற்றிலும் கொடியது அந்த ஊமைப் பொத்தான். "எல்லாரும் மைக்கை நிறுத்துங்கள்" என்பது இரைச்சலைத் தவிர்க்கச் சொன்ன எளிய ஏற்பாடு. அதை யாரும் பழிக்கவில்லை. நாட்செல்ல அதுவே வகுப்பின் இயல்பு நிலையாயிற்று. ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினார், பின் "விளங்கிச்சா?" என்றார், நாற்பது பெருவிரற் படங்கள் மேலெழுந்தன, பாடம் முடிந்தது. நம் வட்டையிலே போடியார் வரம்பிலே குடை பிடித்து நின்று முல்லைக்காரனைப் பார்த்துப் பேசுவார். முல்லைக்காரன் "ஓம் போடியார்" என்பான். வயலுக்குள் நிற்கும் கூலிக்காரன் பேசுவதற்கு அங்கே இடமில்லை. இணையவழி வகுப்பை நாம் அந்த வட்டையாக மாற்றிக்கொண்டோம். கல்வியிலே ஜனநாயகம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதக்கூடிய முற்போக்கு ஆசிரியர் பலரும் சேர்ந்தே மாற்றினோம் என்பதுதான் வேதனை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே, மாணவனை வெறுங்கணக்காகக் கருதி அறிவை வைப்புச் செய்யும் வங்கிமுறைக் கல்வியைச் சாடி 1968இல் நூல் எழுதினார். அந்நூலைப் படித்தவர்களே வைப்புச் செய்தார்கள், குரற்பதிவின்றி, கேள்வியின்றி.

மாணவர் யாவரும் தேவதூதர் என்று நாம் சொல்ல வரவில்லை. வகுப்பு இணைப்பை வெளியாருக்குக் கொடுத்து ஆபாசக் கூச்சல் போடவைத்தவர்கள் உண்டு. பொய்ப்பெயரில் நுழைந்து ஆசிரியையைக் கேலி செய்தவர்கள் உண்டு. குழுவிலே கிடந்த தொலைபேசி இலக்கங்களை எடுத்து சக மாணவிகளை நள்ளிரவில் தொல்லைப்படுத்தியவர்களும் உண்டு. இதைத் "தொழில்நுட்பத்தின் விளைவு" என்று தட்டிக்கழிப்பது நம் தோழர்கள் சிலரின் வழக்கம், அது சோம்பல். பெண்பிள்ளையொருத்தி தொல்லைக்கஞ்சி வகுப்பையே விட்டு விலகும்போது அங்கே ஒழுக்கக் கேள்வி உண்மையாகவே எழுகிறது. அதற்கு உறுதியான பதில் வேண்டும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். நமது விதிக்கோவையிலே கமராவுக்கு விதி உண்டு, சீருடைக்கு விதி உண்டு. மாணவியின் இலக்கத்தைக் காப்பதற்கு விதி கிடையாது.

ஆசிரியரின் நடத்தைக்கு விதி உண்டா? தமிழ்நாட்டிலே இந்தக் கேள்வி பெருஞ்சத்தத்தோடு எழுந்தது. சென்னையின் பெயர்பெற்ற பாடசாலையொன்றின் ஆசிரியர் இணையவழி வகுப்பிலும் வெளியிலும் மாணவியரிடம் தகாது நடந்தார் என்ற புகார் 2021 மே மாதத்தில் வெடித்ததும், அம்மாநில அரசு வகுப்புகளைப் பதிவு செய்தல் வேண்டும், உடையிலும் பேச்சிலும் வகுப்பறை ஒழுங்கு காக்கப்படல் வேண்டும் என்று நெறிமுறை வகுக்க நேர்ந்தது. அங்கே அப்புகாரை வெளிக்கொணர்ந்தவர்கள் மாணவியரும் பழைய மாணவியருமே. பேசாதே என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் அதைச் சொல்லியிருப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

நமது பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அக்காலத்து இணையவழிக் கற்பித்தலின் சுமையை ஆசிரியரே சுமந்தார். தொலைபேசி அவருடையது, தரவு அவருடையது, இரவும் பகலும் அவருடையது. 2021 ஜூலை 8ஆம் திகதி கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாகி, பிணை கிடைத்த பின்னரும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 24 ஆண்டுகளாய்த் தீராத சம்பள முரண்பாடும் சேர்ந்து, ஜூலை 12 முதல் நாடெங்கும் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தனர். ஒக்டோபர் 25இல்தான் பணிக்குத் திரும்பினர். அப்போராட்டம் நியாயமானது. அதைச் சிறுமைப்படுத்த எழுதுவோர் கையில் இக்கட்டுரை ஆயுதமாகிவிடலாகாது. நாட்டின் மாணவருள் இணையவழி வகுப்பில் சேரக்கூடியவர் பத்தில் நால்வருக்கு மேல் இல்லை என்று உரத்துச் சொன்னவர்களும் அச்சங்கத் தலைவர்களே.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். அந்த நூறு நாளிலே படுவான்கரைப் பிள்ளை எதை இழந்தான்? எழுவான்கரையிலே தனியார் வகுப்புச் சூமில் தடையின்றி நடந்தது. காசுள்ள பிள்ளை ஒரு நாளையும் இழக்கவில்லை. காசற்ற பிள்ளையோ, ஏற்கெனவே குழுவிலிருந்து நீக்கப்பட்டவனோ, பகிஷ்கரிப்பு வந்ததையே அறிந்திருக்க மாட்டான். அவனுக்குப் பாடசாலை முன்னரே போய்விட்டது. ஆசிரியரின் போராட்டம் அவனுடைய போராட்டமும் ஆகவேண்டுமானால், நாம் அவனை வெளியே தள்ளும் விதிகளை நாமே முதலில் கிழித்தெறிந்திருக்க வேண்டும். சம்பளத்துக்காகக் கொழும்பு வீதியில் நின்ற துணிவிலே பாதி இருந்தால் போதும், வலயக் கல்விப் பணிப்பாளரிடம் சென்று "கமரா வரவை ஏற்கமாட்டோம்" என்று சொல்வதற்கு.

ஒழுக்கமே வேண்டாம் என்பதா நம் கட்சி? அன்று. அன்ரன் மக்கரென்கோவைவிட ஒழுக்கத்தில் உறுதியானவரை முற்போக்கு உலகம் கண்டதில்லை. 1920இல் உக்ரேனிலே, உள்நாட்டுப் போரில் அநாதைகளாகித் திருடியும் கொள்ளையடித்தும் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து அவர் குடியிருப்பொன்றை அமைத்தார். கட்டளையும் கண்டிப்பும் அங்கே நிறைய இருந்தன. ஆனால் அவர் கண்ட உண்மை இது: ஒழுக்கம் என்பது கல்வி முழுவதன் விளைவு, கல்வி புகட்டும் கருவியாக அதை ஆக்கிவிட்டால் அது வெறும் அடக்குமுறை. குடியிருப்பின் பிரச்சினைகளைப் பிள்ளைகளின் பிரிவுத் தலைவர் சபை கூடித் தீர்த்தது. குற்றஞ்செய்தவன் அங்கே எழுந்து நின்று பதில் சொன்னான், மற்றவர் கேட்டார்கள். பதில் சொல்ல விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் இணையவழி வகுப்பிலே, அழைப்பில் இருந்த பிள்ளைக்குங்கூட அந்த உரிமை இருக்கவில்லை.

அண்டை நாட்டிலே இருந்தும் கற்க உண்டு. கேரளம் 2020 ஜூன் 1இல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே பாடங்களைத் தொடங்கியது. தொலைக்காட்சியில்லாப் பிள்ளைகளுக்காக வாசிகசாலைகளிலும் அயலிலுள்ள பொது இடங்களிலும் கூட்டுக் கல்வி மையங்கள் அமைந்தன. ஆரம்பம் பிசகின்றி இருக்கவில்லை. அம்முதல் நாளிலேயே மலப்புறம் மாவட்டத்து ஏழை மாணவியொருத்தி, வகுப்பில் சேர வழியில்லையே என்ற ஏக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட கொடுமையும் நடந்தது. மையங்கள் விரைந்து பெருகியதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். தமிழ்நாடு 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலரைக் குடியிருப்புகளுக்கே அனுப்பியது. அத்திட்டத்தின் குறைகளைச் சொல்ல அங்கே ஆட்கள் உண்டு. பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பாடம் போக வேண்டும் என்ற திசையிலே அது சரி.

அந்தத் திசை நமக்குப் புதிதுமன்று. மேடைதோறும் விபுலாநந்தரின் படத்துக்கு மாலையிடுகிறோம். காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையிலே 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பேராசிரியர் சேரிக்குப் போனார். சேரிப்பிள்ளை சீருடையணிந்து கமரா முன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 2020இலும் 2021இலும் பயிற்சித்தாள்களை அச்சிட்டுத் துவிச்சக்கரவண்டியில் கட்டிக்கொண்டு சென்று, ஊர்க் கடையிலே வைத்துவிட்டு, அடுத்த கிழமை விடைத்தாளை வாங்கி வந்த ஆசிரியர்கள் நாட்டின் எப்பகுதியிலும் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர், பெரும்பாலும் பெண்கள். விருது விழாக்களில் அவர்கள் பெயர் அடிபடுவதில்லை.

இனி என்ன செய்வது? புலம்பலுக்கு மாற்றாக வேலைத்திட்டம் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. பாடசாலை திறந்திருக்கும்போதே ஒவ்வொரு வகுப்பாசிரியரும் இடாப்பிலே இரண்டு நிரல் கூட்டிக்கொள்ள வேண்டும்: பிள்ளையின் வீட்டிலே என்ன தொலைபேசி, அது எந்நேரம் வீட்டில் இருக்கும். இதைப் பகிரங்கமாய்க் கேட்காமல் தனியே கேட்க வேண்டும். இதை அறிந்தபின் காலை எட்டு மணி வகுப்பு தானே விழுந்துவிடும். பாடம் குரற்பதிவாகவும் கரும்பலகையின் படமாகவும் மாலையில் போகட்டும். நேரடி வகுப்பு கிழமைக்கு ஒன்று, அதுவும் கேள்விக்கு மட்டும். அதிலே முதற் பாதி மாணவருக்கு. ஆசிரியர் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு கேட்கப் பழகட்டும். வரவை முகத்தால் கணிக்காமல், இரண்டு நாளுக்குள் வந்த ஒரு கேள்வியாலோ விடையாலோ கணிக்கலாம். கேள்வி அனுப்பத் தெரியாத பிள்ளைக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று எடுத்தால் போதும். மூன்று நிமிட அழைப்பிலே தெரியவருவது முப்பது சூம் வகுப்பிலே தெரியவராது.

குழுவிலிருந்து எவரையும் நீக்கும் அதிகாரம் தனியாசிரியருக்கு இருத்தலாகாது. கண்டிப்பதெல்லாம் தனிச்செய்தியில், அதுவும் பகற்பொழுதில், பெற்றோர் அறிய. மாணவியர் உள்ள வகுப்புக்குக் குழுவுக்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப்பிலேயே அந்த வசதி உண்டு. ஆசிரியரின் இலக்கத்தைப் பிள்ளைகள் தம் தொலைபேசியில் பதிந்துவைத்தால் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. தொல்லை கொடுத்தவன் எவன் என்று தெரிந்தால் மூடிமறைக்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவள் விரும்பினால் அதிபர் வழியே பொலிஸ் வரையும் போகலாம். இரவு எட்டுக்குப் பின் எத்திசையிலும் செய்தி இல்லை. இது ஆசிரியைக்கும் காப்பு.

இவ்விதிகளையும் நாமே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பழைய கதைதான். வகுப்பைக் கூட்டி வைத்துப் பிள்ளைகளே பேசி எழுதட்டும். ஆசிரியரைக் கட்டுப்படுத்தும் விதியும் அதிலே இருக்கட்டும். ஆசிரியரின் மதிப்பு குன்றிவிடும் என்று அஞ்சுவோர், பிரம்பைக் கீழே வைத்தபோதும் இதையே சொன்னார்கள். தொலைபேசியே இல்லாத பிள்ளைக்கு அச்சுத்தாளும், ஊரின் பலநோக்கு மண்டபத்திலே ஒரு தொலைக்காட்சியும், கிழமைக்கொருமுறை நேரில் வரும் ஆசிரியரும் வேண்டும். அவரது பயணச் செலவை அரசு கொடுக்க வேண்டும். கட்டணமற்ற தரவு, படுவான்கரைக்குக் கோபுரம் ஆகியவற்றுக்காகச் சங்கங்கள் போராட வேண்டும். 1945இலே கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி என்பது கட்டணம் வாங்காத வகுப்பறை. ரீலோட் போட்டால்தான் திறக்கும் வகுப்பறையை அந்தப் பெயரால் அழைக்க நமக்கு வெட்கமாயிருக்க வேண்டும்.

மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வாவி ஏறும். மழைக்கு முந்திய தவணையிலேயே வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, கிரான், வாகரைப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர் சங்கக் கிளைகள் முன்னின்று இக்கூட்டங்களைக் கூட்டட்டும். வலயக் காரியாலயத்தின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலே எந்நேரம் தொலைபேசி இருக்கிறது என்று எழுதிக்கொள்ள ஒரு கொப்பி போதும்.